ஒற்றைச் செருப்புக்கு ஒரு நாற்காலி

போர்ட் சயீத்
4 மார்ச் 1996

திரு. ஷஹாத்தா அவர்களுக்கு,

பதினெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இன்று எழுதுகிறேன்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள். உங்களைப் போன்றவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருப்பார்கள். சூயஸில் கப்பல்களுக்குக் கயிறு கட்டும் வேலையில் இருப்பதாகவும் தொப்பை போட்டுவிட்டதாகவும் உங்கள் மைத்துனர் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மீன் சந்தைச் சுவரில் ஒரு சுவரொட்டி. ஏப்ரல் பதினைந்து, ஷம்முன் நசீம் திருநாளன்று பிற்பகல், அலைதடுப்புச் சுவரோரம் சிலை இல்லாத பீடத்தின் அருகே நம் பாட்டுத் தலைவர் ரயீஸ் மஹ்ரூஸ் வாசிக்கிறார். விரல் முட்டிகள் இறுகி ஒன்பது வருடமாக மேடை ஏறாத மனிதர், எழுபத்தாறு வயதில் தன் ஸிம்ஸிமிய்யாவை மறுபடி மடியில் எடுத்து வைக்கப் போகிறார். சுவருக்கு முன்னால் ஒரே கூட்டம். இறால் விற்கிறவனும் சுங்க அலுவலகக் குமாஸ்தாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டீக்கடைக்காரர் யாரிடமும் காசு வாங்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சின்ன யாழின் தந்திகளை அவர் ஒரு தட்டுத் தட்டினால் என் முதுகுத்தண்டில் இன்றும் யாரோ எழுந்து உட்காருகிறார்கள்.

பிறகு சுவரொட்டியின் கடைசி வரியைப் படித்தேன். ‘செருப்புப் பாட்டு உண்டு. இயற்றியவர்: படகுக்கார ஷஹாத்தா.’

இயற்றியவர். அந்தச் சொல்லின் பொருள் உங்களுக்குத் தெரியாவிட்டால் குற்றம் என்னுடையது. உங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

1970-ஐ நினைவுபடுத்துகிறேன். போர் நம் ஊரைக் காலி செய்து, நம்மை டமியட்டாவில் ஒரு பெண்கள் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது. ஒரே வகுப்பறை, ஒரு பாதியில் உங்கள் வீட்டார், மறு பாதியில் என் வீட்டார், நடுவில் ஒரு போர்வை. சூயஸ் கால்வாயில் கப்பல் இல்லை, ஆகவே கப்பலோரம் படகில் போய்ச் சாமான் விற்கும் உங்களுக்கு வேலையும் இல்லை. சாயங்காலமானால் ரயீஸ் மஹ்ரூஸ் பள்ளி முற்றத்தில் உட்கார்ந்து வாசிப்பார், நாம் வட்டமாகச் சூழ்ந்துகொள்வோம். அந்த வட்டத்துக்காக, உப்புக் கரித்த ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஊதாப் பென்சிலால் நான் எழுதினேன்:

படகு போச்சு, கயிறு இங்கே;
மனசு போச்சு, செருப்பு இங்கே;
வெறுங்காலாப் போன மனசுக்கு மணல் சுடுமே…

என் குரல் கடற்காக்கையின் தொண்டையில் முள் மாட்டினாற்போல இருக்கும் என்பதால் அதை உங்களிடம் கொடுத்துப் பாடச் சொன்னேன். வட்டத்தின் வழக்கம் எனக்கும் தெரியும். புது வரியை எவன் வட்டத்தில் போடுகிறானோ அவன் பெயரைத்தான் ரயீஸ் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவன் எழுந்து நின்று பாடி ஆட வேண்டும். அன்று உங்கள் பெயரைச் சொன்னார். ஆடினீர்கள். நான் கை தட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் 1978-இல் வந்த கேசட் வட்டமல்ல. அது அச்சு. அட்டையில் உங்கள் பெயர். ஒரு திருத்தம், ஒரு வார்த்தை உங்களிடமிருந்து வரவில்லை. அதற்குப் பிறகு நான் பட்டதைக் கேளுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் என் மாணவர்களே அதைப் பாடிவிட்டு, ‘சார், உங்களுக்குக் கவிஞர் ஷஹாத்தாவைத் தெரியுமா?’ என்று என்னிடமே கேட்டார்கள். ரேடியோவில் வந்தால் அணைத்துவிடுகிறேன். என் மனைவி ஸமீஹா மீன் பொரிக்கும்போது முணுமுணுத்தால் இரண்டாவது வரியைத் தாண்ட நான் விட்டதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பாட்டு என்னுடையது என்று மேடையில் சொல்லப்பட வேண்டும். நீங்கள் ரயீஸுக்கு எழுதுங்கள். இல்லாவிட்டால் கூட்டத்தின் நடுவே நானே எழுந்து சொல்வேன்.

இப்படிக்கு,
லுத்ஃபி அப்துல் முஹ்ஸின், எம்.ஏ.,
முதுநிலைப் புவியியல் ஆசிரியர்


சூயஸ்
11 மார்ச்

வாத்தியாரே,

உன் கடிதம் வந்தது. உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்து நான் உட்கார்ந்துவிட்டேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று என் மனைவி நஜாத் அழ ஆரம்பித்துவிட்டாள். ‘யாரும் சாகலடி, லுத்ஃபி திட்டியிருக்கான்’ என்றேன். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று போய் எனக்கு டீ போட்டாள். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு நல்ல செய்தி இந்த வீட்டுக்கு வந்ததில்லை.

மைத்துனன் சொன்னது சரி. தொப்பை இருக்கிறது. படகில் நான் ஏறினால் மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நகர்ந்து உட்காருகிறார்கள்.

சுவரொட்டி விஷயம் எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டுப் போடவில்லை. ஆனால் ரயீஸ் வாசிப்பது தெரியும். ‘செருப்புக்காரனுக்கு’ என்று முன் வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கி, சீட்டு அனுப்பியிருக்கிறார். நஜாத்துக்குக் கூட்டம் ஆகாது. ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. இதோடு உன் சீட்டை வைத்திருக்கிறேன். கிழித்துவிடாதே, உன்னைத் தெரியும்.

ரயீஸுக்கு எழுதுகிறேன். சத்தியமாக. ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். உன் கடிதத்தில் மூன்று வரிதான் இருக்கிறது, அப்புறம் புள்ளி புள்ளியாக வைத்திருக்கிறாய். நாலாவது எங்கே போயிற்று? நான் சொல்லட்டுமா? நீ எழுதியது ‘தாயகத்தின் தணலன்றோ தாங்கும் பாதம்’. அதை வைத்துக்கொண்டு மனிதன் ஆட முடியுமா? இடுப்பு எங்கே திரும்பும்? எழுந்து நின்ற பிறகு அந்த வரி என் வாயில் சிக்கிக்கொண்டது. சுற்றிலும் அத்தனை பேர். அப்போது தானாக வந்ததுதான் ‘யாராச்சும் கொண்டுபோய்க் கொடுங்களேன்’. முற்றமே சிரித்தது. உன் அம்மாகூடச் சிரித்தார்கள்.

மூன்று வரி உன்னுடையது. நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நாலாவதை என்ன செய்யலாம்?

உன் ஷஹாத்தா
(எழுத்துப் பிழை எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தது)


போர்ட் சயீத்
18 மார்ச் 1996

திரு. ஷஹாத்தா அவர்களுக்கு,

முடி வெட்டுகிறவன் தலைக்குச் சொந்தக்காரன் ஆகமாட்டான். நாலாவது வரி பற்றி இவ்வளவுதான் நான் சொல்ல விரும்புகிறேன்.

உங்கள் கடிதத்தை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் தயாரில்லை. ஊதாப் பென்சில் நோட்டை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக ரயீஸின் வீட்டுக்கே போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிறகு நீங்கள் வேறுவிதமாகக் கேள்விப்பட வேண்டாம்.

கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைத்திருந்தார். மேடைக்காக விரல்களை இளக்குகிறாராம். தினம் மூன்று வேளை உப்புப் போட்ட வெந்நீர். சுவரில் ஸிம்ஸிமிய்யா, தந்தி மாற்றிப் பளபளவென்று. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வாத்தியார் என்றதும், எந்தப் பாடம் என்றார். புவியியல் என்றேன்.

“அப்ப நீங்க சொல்லுங்க. ஏரிப் பக்கத்துக் காத்து இந்த மாசம் எப்ப திரும்பும்? தந்தி அதுக்கேத்த மாதிரி முறுக்கணும்.”

எனக்குத் தெரியவில்லை. என் பாடநூலில் அது இல்லை. அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

நோட்டைக் காட்டினேன். தனக்கு வாசிக்கத் தெரியாது, நீங்களே படியுங்கள் என்றார். படித்தேன். முதல் வரிக்கே அவருடைய விரல்கள் தண்ணீருக்குள் தாளம் போட ஆரம்பித்தன. இரண்டாம் வரிக்குத் தண்ணீர் என் கால்சட்டை மேல் தெறித்தது. மூன்றாம் வரியில் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில், ஷஹாத்தா, எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன். நாலாம் வரியைப் படித்தேன். தாளம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தார்.

“இது என்ன வாத்தியாரே, அரிசியில கல்லு?”

நோட்டை மூடிவிட்டு, என் கோரிக்கையைச் சொன்னேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“பேரு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்றேன். பேரு சொல்றதுல எனக்கு என்ன கஷ்டம். அதுக்கப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல.”

ஆக, ரயீஸ் வாக்குக் கொடுத்துவிட்டார். ஏப்ரல் பதினைந்தாம் தேதி, ஊர் முழுக்கக் கேட்க, அந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லப்படும். இனி உங்கள் தயவு தேவையில்லை.

நாற்காலிச் சீட்டைக் கிழிக்கவில்லை. ஆனால் நம் இருவருக்கும் இடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

லுத்ஃபி அப்துல் முஹ்ஸின், எம்.ஏ.,
முதுநிலைப் புவியியல் ஆசிரியர்


சூயஸ்
27 மார்ச்

வாத்தியாரே,

இரண்டு நாற்காலியில் எப்படி நடுவில் ஒன்றைக் காலியாக விடுவது? எனக்குப் புவியியல் தெரியாது, நீ வரைபடம் போட்டு அனுப்பு.

ரயீஸ் பெயர் சொல்வது எனக்கும் சந்தோஷம். சொல்லட்டும். ஆனால் அதன் பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தாயா? பெயர் சொல்லப்பட்டவன் எழுந்து நின்று பாட வேண்டும். வழக்கத்தை எனக்கே நினைவுபடுத்தி எழுதியவன் நீ. இன்றிலிருந்தே காலையில் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கொப்பளி. ரயீஸ் விரலுக்கு ஊற்றுவதில் கொஞ்சம் வாங்கிக்கொள்.

சரி, சிரித்தது போதும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மூன்று நாளாக இதற்காகவே காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கேசட் போட்டவனிடம் நான் உன் பெயரைச் சொன்னேன். அவன், ‘எந்த லுத்ஃபி? யாருக்குத் தெரியும்? படகுக்கார ஷஹாத்தான்னு போட்டாதான் கடைக்காரன் கேட்டு வாங்குவான்’ என்றான். நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அட்டையில் என் பெயரைப் பார்த்தேன். நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில், நான் முதல்முதலாக அச்சில் வாசித்த சொல் என் பெயர்தான். எனக்குப் பிடித்திருந்தது, லுத்ஃபி. அதுதான் உண்மை. வேறு காரணம் ஒன்றுமில்லை. ஒரு வருடம் நான் பெரிய ஆளாக இருந்தேன். நஜாத்தின் அப்பா எனக்குப் பெண் கொடுத்ததே அந்தப் பாட்டுக்காகத்தான். அவளைத் திருப்பித் தரலாமா என்று அவளிடமே கேட்டேன். மாட்டேன் என்கிறாள்.

முதல் கேசட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தாய், அட்டையைப் பார்த்தாய், மூடினாய். கதவு மூடின வேகத்தில் நான் சொல்ல வந்தது வயிற்றுக்குள் போய்விட்டது. அப்புறம் கால்வாயின் இந்த முனைக்கு வேலை கிடைத்தது, வந்துவிட்டேன்.

நீ கோபப்பட்டது சரி. பதினெட்டு வருடம் பட்டதுதான் கொஞ்சம் நீளம்.

ஷஹாத்தா


போர்ட் சயீத்
4 ஏப்ரல் 1996

ஷஹாத்தா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதைப் பற்றி இப்போது எதுவும் எழுதுவதாக இல்லை.

சில நடைமுறைக் குறிப்புகள் மட்டும்:

மேடை என்பது வட்டமல்ல. ஒலிபெருக்கியும் முன் வரிசையும் உள்ள இடத்தில் வட்டத்தின் வழக்கம் செல்லாது. பெயர் சொல்லப்படும், நான் எழுந்து தலை தாழ்த்துவேன், உட்கார்ந்துவிடுவேன். சாம்பல் நிறக் கோட்டு சலவைக்குப் போயிருக்கிறது.

நாற்காலிகளுக்கு இடையில் ஒரு முழம் இடைவெளி இருந்தால் போதும்.

ஸமீஹா ஒரு மாதத்துக்கு முன்பே திருநாளுக்காக மடவை மீனை உப்பில் ஊறப்போட்டிருக்கிறாள். நீங்கள் வருவதை நான் அவளிடம் சொல்லவில்லை, ஆனால் இந்த வருடம் இரண்டு மீன் கூடுதலாகப் போட்டிருக்கிறாள். வெங்காயத்தாள் நீங்கள் கொண்டுவர வேண்டாம், இங்கே கிடைக்கிறது.

தங்குவதற்குத் துறைமுகத் தெருவில் விடுதிகள் உண்டு. எங்கள் கூடத்தில் ஒரு சோஃபாவும் உண்டு. தகவலுக்காக எழுதுகிறேன்.

லுத்ஃபி அப்துல் முஹ்ஸின், எம்.ஏ.


சூயஸ்
12 ஏப்ரல்

லுத்ஃபி,

இதைப் படிக்கும் முன் பார்சலைப் பிரித்திருந்தால் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். பேருந்து ஓட்டும் கமாலிடம் கொடுத்தனுப்பினேன். அவமதிப்பு இல்லை. கேள்.

நேற்று ஒரு கிரேக்கக் கப்பல். கயிறு இழுபட்டது, நான் காலை எடுக்க ஒரு நொடி தாமதம். வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அசையக் கூடாதாம். நான் திங்கட்கிழமைத் திருநாளுக்குக் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். டாக்டர் நஜாத்தைப் பார்த்து, ‘இவர் எப்பவுமே இப்படித்தானா?’ என்றார்.

அழுதேன். ஐம்பது வயது பக்கத்தில் வந்துவிட்ட, தொப்பை போட்ட மனிதன் ரயீஸ் வாசிப்பதைக் கேட்க முடியவில்லை என்று அழுவதை ஒரு வார்டே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் தன் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்தார்.

இப்போது எனக்கு இடது செருப்பு ஒன்றே போதும். வலது சும்மா கிடக்கிறது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். என் நாற்காலியில் வை. மனசு முன்னாலேயே போய்விட்டது, செருப்பு பின்னால் வருகிறது.

நீ பார்த்து எழுது. எதையும் விடாதே. என்ன பாட்டு, எந்த வரிசையில், ரயீஸின் விரல் எப்படி இருந்தது, யார் யார் ஆடினார்கள், எல்லாம். பெயரைச் சொன்னாரா, நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் மறைக்காமல் எழுது.

ஷஹாத்தா


போர்ட் சயீத்
16 ஏப்ரல் 1996

ஷஹாத்தா,

கால் எப்படி இருக்கிறது? அதை உயரமாக வை, தலையணை மேல். நஜாத் சொல்வதைக் கேள்.

பார்சலைத்தான் நான் முதலில் பிரித்தேன். திட்டினேன். ஒரு பேருந்து ஓட்டுநர் எல்லார் முன்னாலும் ‘சூயஸ்லேருந்து உங்களுக்கு’ என்று ஒற்றைச் செருப்பைக் கொடுத்தால் மனிதன் என்ன செய்வான்? பிறகு உன் கடிதத்தைப் படித்துவிட்டு, செருப்பை ஈரத்துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றினேன். ஸமீஹா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கே இடமில்லை. நாலாயிரம் பேர் இருப்பார்கள். எல்லார் கையிலும் உப்பு மீனும் வெங்காயத்தாளும் சாயமிட்ட முட்டையும். அந்த நாற்றத்தில் ஒரு கப்பல் வழி மாறிப் போயிருக்கும். பிள்ளைகள் சிலை இல்லாத பீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஸமீஹா தன் தங்கைகளோடு பின்வரிசையில். நான் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக முன்வரிசையில், பக்கத்து நாற்காலியில் உன் செருப்பு. தாளைப் பிரித்தேன். உனக்குத் தெரிய வேண்டாமா?

எனக்கு இடப்பக்கம் மீன் பொரிக்கும் கடை உம்மு ஃபவ்ஸி. ஒரு தட்டு நிறைய மீனோடு நின்றுகொண்டு, அந்த நாற்காலி யாருக்கு என்றாள். ஆள் இருக்கிறது என்றேன். எட்டிப் பார்த்தாள்.

“ஆள் இல்ல, செருப்புல்ல இருக்கு.”

“செருப்புக்காரனுக்குக் கால் உடைஞ்சிருக்கு.”

“செருப்ப நாற்காலியில வெச்சுக்கிட்டு, கழுத்துல பட்டையும் கட்டிக்கிட்டு. படிச்ச ஆளு வேற.”

நான் நகரவில்லை. சண்டை முற்றுவதற்குள் ரயீஸை மேடைக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து வந்தார்கள். உட்கார்ந்து, ஸிம்ஸிமிய்யாவை மடியில் வைத்து, முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். ஏரிப் பக்கத்துக் காற்று. பின்பு என்னைப் பார்த்து, ‘வாத்தியாரே, திரும்பிடுச்சு’ என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். நாலாயிரம் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், என்ன திரும்பியது என்று தெரியாமல்.

முதலில் வலை இழுக்கும் பாட்டு. உன் கேள்விக்குப் பதில்: விரல்கள் பழைய வேகத்தில் இல்லை. இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் விரல்களோடு சண்டை போடவில்லை. பாட்டையே அவற்றின் நடைக்கு இறக்கினார். மத்தளக்காரன் புரிந்துகொண்டு தன் கையை மெதுவாக்கினான், முக்கோணக் கம்பி தட்டுகிறவன் அவனைப் பார்த்து, பிறகு முன்வரிசை, பிறகு நாங்கள் எல்லாரும். நாலாயிரம் பேர் ஒரு மனிதனின் முட்டி வலிக்கு ஏற்றபடி கை தட்டினோம். அந்தப் பாட்டை நம் இளவயதில் அவர் வாசித்து எத்தனை தடவை கேட்டிருப்போம். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக எழுந்து வந்து நேற்றுத்தான் எனக்கு முகம் காட்டியது. கழுத்துப்பட்டையை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. இன்று தேடினால் காணோம்.

அடுத்தது மாப்பிள்ளைப் பாட்டு, அடுத்தது நிலக்கரி சுமக்கிறவர்களின் பாட்டு. துறைமுகக் கூலிகள் எட்டுப் பேர் மேடைக்கு முன்னால் ஆடினார்கள். உம்மு ஃபவ்ஸி மீன் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள்; ஒரு மீன்கூட விழவில்லை. நடுவில் ஒரு தந்தி அறுந்தது. ‘அது எம்மேல கோவமா இருக்கு, விடுங்க’ என்று சொல்லிவிட்டு மிச்சத்திலேயே வாசித்தார்.

பிறகு நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

“செருப்புப் பாட்டு வருது. சுவரொட்டியில ஒரு பேரு போட்டிருக்கு. அது சரிதான், ஆனா பாதிதான் சரி. இத எழுதினவரு இங்க இருக்காரு. வாத்தியார் லுத்ஃபி. எழுந்திரிங்க.”

ஷஹாத்தா, பதினெட்டு வருடம் நான் படுக்கையில் கிடந்து ஒத்திகை பார்த்த நொடி அது. எழுந்தேன். தலை தாழ்த்தினேன். உட்காரப் போனேன். ரயீஸ் தந்திகளின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்தார். மத்தளம் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

“எங்க உக்காரறீங்க? போடுங்க.”

“போடு, போடு” என்று பின்னாலிருந்து ஒரு குரல், பிறகு பத்து, பிறகு எல்லாம். நீ எழுதியதுதான் நடந்தது. மேடை வட்டமல்ல என்று நான் யாரிடம் போய் வாதாடுவது?

பாடினேன். ‘படகு போச்சு’ என்றேன். முள் மாட்டிய கடற்காக்கை, மாற்றமே இல்லை. பீடத்தின் மேலிருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ‘கயிறு இங்கே’ என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஆனால் வரி உடையவில்லை. இரண்டாவது வரியைக் கூட்டம் எடுத்துக்கொண்டது. நாலாயிரம் பேர். என் குரல் அதற்குள் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. வாயை அசைத்துக்கொண்டுதான் இருந்தேன். ரயீஸ் தான் பாடாமல் சிரித்துக்கொண்டே தந்தியை மட்டும் தட்டினார். மூன்றாம் வரி. நாலாவது வந்தது. நான் என் தணலைப் பாடினேன், உனக்கு எதிராகத்தான், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் உன்னுடையதைப் பாடுவார்கள் என்று காத்திருந்தேன்.

அவர்கள் உன்னுடையதையும் பாடவில்லை.

‘ஒண்ணை நீ போடு, ஒண்ணை நான் போடுறேன்’ என்று பாடினார்கள். எல்லாரும். ஒருவர்கூட மாறவில்லை. மறுசுற்றிலும் அதே. திரும்பிப் பார்த்தேன். ஸமீஹா கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, அதையே பாடிக்கொண்டிருந்தாள். என் வீட்டில் இரண்டாவது வரியைத் தாண்ட விடாமல் வைத்திருந்தேனே, அவள்தான்.

உம்மு ஃபவ்ஸியிடம், இந்தக் கடைசி வரி எப்போது வந்தது என்று கேட்டேன்.

“இது எப்பவும் இப்படித்தானே. எங்க அம்மா இப்படித்தான் பாடும்.”

“இதை எழுதினது நான்.”

“சரி, நீங்கதான். இப்ப கத்தாம பாடுங்க.”

அவளுக்குப் பக்கத்தில் வாய் நிறைய முட்டையோடு இருந்த கிழவர், தன் தாத்தா படகு கட்டும்போது இதைப் பாடிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவருடைய தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே செத்திருக்க வேண்டும். நான் திருத்தப் போனேன். அதற்குள் நாலாவது சுற்று ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சுற்றில் உன் செருப்பை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு தட்டினேன். நல்ல சத்தம். நீ கனமான தோலாகத்தான் வாங்குகிறாய். ரயீஸ் பார்த்துவிட்டு, ‘ஷஹாத்தா வந்துட்டான்’ என்றார். ஆக, உன் பெயரும் சொல்லப்பட்டது. நீ எழுந்து நிற்க முடியாததால் உனக்காக நான் ஆட வேண்டியதாயிற்று. எப்படி ஆடினேன் என்று எழுத மாட்டேன். என் மாணவர்கள் ஆறு பேர் பார்த்தார்கள். இன்று வகுப்பில் ஒருவனும் வாய் திறக்கவில்லை, அதுவே மோசம்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸமீஹாவிடம், அந்த வரி எத்தனை வருடமாகத் தெரியும் என்றேன். பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க எங்க கடைசி வரைக்கும் கேட்டீங்க?”

உனக்கும் தெரியுமா? தெரிந்துகொண்டே என்னிடம் நாலாவது வரிக்குச் சண்டை போட்டாயா? இதை நேரில் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். செருப்பைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் அல்லவா. ஸமீஹாவும் வருகிறாள். கூடுதலாகப் போட்ட இரண்டு மடவையும் வருகிறது; கமாலின் பேருந்தில் பயணிகள் எங்களை என்ன செய்வார்களோ. உங்கள் கூடத்தில் சோஃபா இருக்கிறதா?

முதல் மூன்று வரியும் என்னுடையவை என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் கிழவரின் தாத்தாவுக்கு ஒரு நாள் நான் பதில் சொல்லத்தான் போகிறேன்.

ஸமீஹா உறையில் தபால்தலை ஒட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து பாட்டு கேட்கிறது, மூன்றாவது வரிக்கு வந்துவிட்டாள். வழக்கம்போல் கீழே பெயரும் எம்.ஏ.வும் போடப் பேனாவை எடுத்தேன். நேற்று நாலாயிரம் பேர் பாடினார்கள், ஒருவன்கூடக் கையெழுத்துப் போடவில்லை. நானும் போடவில்லை. இப்படியே தபால் பெட்டியில் சேர்க்கிறேன்.